அம்மோனியாப் பஞ்சை அகற்றுங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். டிஸோசியேட்டிவ் வலிப்பு என்றால் என்னவென்று தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காக்காய் வலிப்பைப் போலவே தோன்றினாலும், மூளையின் மின்கோளாறால் அன்றி மனம் சார்ந்த காரணங்களால், நோயாளியின் கட்டுப்பாட்டை மீறி வருவது; நம் மருத்துவமனைகளில் சிலர் இன்னமும் ‘ஹிஸ்டீரியா’ என்று சொல்லிச் சிரிக்கும் நோய்தான் அது. அந்த நோயோடு வருகிறவர்களின் மூக்கில் அம்மோனியா நனைத்த பஞ்சை வைத்து அழுத்துவதையும், அவர்கள் காதுபட ‘நடிப்பு’ என்று பேசுவதையும் தடைசெய்து, எல்லா அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஓர் இரவு, கல்லூரியில் படிக்கும் என் அக்காள் மகளை 108 வண்டியில் டெல்டா மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டுசென்றோம். கை கால்கள் வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. பணியிலிருந்த மருத்துவர் அவள் இமையைத் திறக்க முயன்றார். அது இறுக மூடிக்கொண்டது. காக்காய் வலிப்பில் பெரும்பாலும் கண்கள் திறந்திருக்கும், இவ்வகை வலிப்பில் மூடியிருக்கும் என்பதால், நோய் இன்னதென்று அவர் ஊகித்துவிட்டார். ஊகம் சரிதான். அதன்பிறகு அவர் செய்த வைத்தியம் அந்தப் பஞ்சு. மூச்சுத் திணறி, கண்ணீரும் சளியுமாக அவள் எழுந்து உட்கார்ந்ததும், “பாத்தீங்களா, எல்லாம் நடிப்பு. சீக்கிரம் ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைங்கம்மா, சரியாயிடும்” என்று என் அக்காவிடம் சொன்னார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

இப்போதெல்லாம் வலிப்பு வரப்போவது தெரிந்தால் அவள் எங்களிடம் சொல்வதில்லை. குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்கிறாள். போன வாரம் குழாயில் மோதி நெற்றி கிழிந்தது. தையல் போடக்கூட அந்த மருத்துவமனைக்கு வரமாட்டேன் என்று அழுதாள்; கடன் வாங்கித் தனியாரிடம் போனோம். அதே வளாகத்தில் மனநலப் புறநோயாளிகள் பிரிவு இயங்குவதை எங்களுக்குச் சொன்னவர் எந்த மருத்துவரும் அல்லர், வேறொரு நோயாளிக்குத் துணையாக வந்திருந்த ஒரு பெரியவர்.

மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. பரிசோதனை இயல்பாக இருப்பதாலேயே நோய் இல்லை என்று ஆகிவிடாது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. 11 என்னும் நோய் வகைப்பாட்டுப் பட்டியல் இதனை ஒரு நோயாகவே வகைப்படுத்துகிறது. வேண்டுமென்றே நடிப்பதை நோய்களோடு சேர்க்காமல் தனியே வைத்திருக்கிறது. இவ்வகை வலிப்பும் காக்காய் வலிப்பும் ஒருவருக்கே சேர்ந்து இருக்கவும் கூடும் என்பதால், ‘நடிப்பு’ என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்களில் உடனடி மருந்து தேவைப்படுகிறவர்களும் இருக்கலாம். ‘உங்களுக்கு வருவது உண்மையான வலிப்புதான், நீங்கள் வரவழைப்பதன்று, குணப்படுத்த வழியுண்டு’ என்று மரியாதையாக எடுத்துச் சொல்வதே இதற்கான சிகிச்சையின் முதற்படி. அதற்கு ஐந்து நிமிடம் போதும். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பப்படும், தீராத வலியோடு அலைகிறவர்களின் கதையும் ஏறக்குறைய இதுவேதான். பரிசோதனையில் காரணம் தெரியாமல் இருக்க வேண்டும் என்ற அளவுகோலை, வலி போன்ற உடல் அறிகுறிகளும் அவை பற்றிய தீராக் கவலையும் வாழ்க்கையைக் குலைக்கும் ‘உடல்சார் அறிகுறிக் கோளாறை’ப் பொறுத்தவரை, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இலேயே கைவிட்டுவிட்டது.

திருமணம்தான் மருந்து என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மண்டபச் செலவையும் சேர்த்துவிடலாம். எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும். உலக மனநல நாளான அக்டோபர் 10 வந்தால் ஊர்வலமும் பதாகையும் குறைவில்லாமல் நடக்கின்றன. தர்கா இருக்கும் ஏர்வாடியில், மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் 2001ஆம் ஆண்டு தீயில் கருகிய பிறகு, மனநோயாளிகளைக் கோயில் குளம் என்று கொண்டுபோகாதீர்கள், மருத்துவமனைக்கு வாருங்கள் என்று அரசு ஓயாமல் சொல்கிறது. வந்தோம். என் அக்கா இப்போது மகளை, மனநோய் தீரும் என்று நம்பிப் பலர் போய்த் தங்கும் குணசீலம் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப்போய் ஒரு மண்டலம் தங்கப் போவதாகச் சொல்கிறாள். அங்கே யாரும் தன் மகளைப் பொய்க்காரி என்று சொல்லமாட்டார்கள் என்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆதங்கத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டும். இரவுப் பணி மருத்துவர்களின் சுமை எனக்குத் தெரியும். அந்த ஒரு மருத்துவர் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லவில்லை. மனநோய் உள்ளவர்களை இழிவான நடத்தையிலிருந்தும், உடலாலும் சொல்லாலும் இழைக்கப்படும் கொடுமையிலிருந்தும் காக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 20, ஏற்கெனவே சொல்கிறது. நான் கேட்பது அதற்கு மேல் எதுவுமில்லை. பஞ்சும் கிள்ளலும் அறையும் கூடாது; நோயைப் பற்றி நோயாளியிடமே எடுத்துச் சொல்ல வேண்டும்; மனநலப் பிரிவுக்கான பரிந்துரையை ஓ.பி. சீட்டில் எழுதித் தர வேண்டும். இவற்றை ஒரு பக்கச் சுற்றறிக்கையாக அனுப்பி, அதன் நகலை ஒவ்வோர் அவசர சிகிச்சைப் பிரிவிலும் நோயாளிகளும் படிக்கும்படி ஒட்டச் செய்யுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்