சாதிச் சான்று குடுக்குற ஐயாமாருங்களுக்கு ஒரு இருளப் பொண்ணு எழுதுறது

ஐயா, அம்மா, எல்லாருக்கும் வணக்கம். நான் கடலூர் மாவட்டத்துல கழிமுகத்த ஒட்டுன இருளர் குடியிருப்புல பொறந்தவ. எங்க பக்கம் இன்னமும் இடுப்பளவு தண்ணியில எறங்கி கையாலயே துழாவி எறா புடிக்கிறாங்க, எங்கம்மாவும் அதுல ஒருத்தி.

பன்னெண்டாவது முடிச்ச வருஷம் பழங்குடின்னு காட்டுற எஸ்டி சான்றுக்கு மனு போட்டேன். விசாரணைக்குக் கூப்ட்டவரு மொதல்ல கேட்டதே பாம்பு புடிக்கத் தெரியுமான்னுதான். அப்பறம், சுடிதார் போட்டுக்கினு இவ்ளோ தெளிவா பேசுற, நீ எப்டிம்மா இருளரா இருப்பன்னாரு. எங்கப்பா கை கட்டிக்கினு ஓரமா நின்னாரு, அது இன்னும் என் கண்ணுலயே நிக்கிது. எந்த ஆபீஸுன்னு சொல்லல, ஏன்னா இந்தக் கேள்விய எங்க சனங்ககிட்ட பல எடத்துல கேட்டுட்டாங்க.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க ஐயா. தோல் வியாபாரம் நடந்த காலத்துல எங்க தாத்தாமாருங்க பாம்பு புடிச்சுதான் சோறு தின்னாங்க. 1972ல வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, பின்னாடியே தோல் ஏத்துமதியும் நின்னுச்சு, பொழப்பும் போச்சு. வடநெம்மேலியில 1978ல ஆரம்பிச்ச இருளர் கூட்டுறவு சங்கத்துக்காரங்க மட்டும் லைசென்ஸோட புடிச்சி, பாம்புக்கடி மருந்துக்கு வெஷம் எடுத்துத் தராங்க, அவங்கள்ல ரெண்டு பேருக்கு 2023ல பத்மஸ்ரீ கூட குடுத்தாங்க, எங்களுக்கெல்லாம் அவ்ளோ சந்தோஷம். ஆனா மத்த இருளர் புடிச்சா கேஸு, புடிக்கத் தெரியலன்னா சான்று இல்ல. நாங்க எந்தப் பக்கம்தான் போறது?

போலி ஆளுங்க வாங்கக் கூடாதுன்னுதான் நாங்களும் சொல்றோம், அவங்க எடுத்துக்குறது எங்க புள்ளைங்க சீட்டுதான். அதுக்கு எங்க ஊருக்கு வந்து எங்க கன்னியம்மா சாமிய, எங்க பேச்ச, யாரு வீட்ல பொண்ணு எடுத்தோம்னு விசாரிங்க.

எங்க பெரியம்மாவ புதுச்சேரியில கட்டிக் குடுத்துருக்கு. பஸ் ஏறுனா போற தூரம், ஒரே சொந்தம், ஆனா அங்க 2016 டிசம்பர் வரைக்கும் எஸ்டி லிஸ்டுன்னே ஒன்னு கெடையாது, அப்பறம்தான் இருளர், வில்லி, வேட்டைக்காரன்னு சேத்தாங்க. காட்டுநாயக்கரு, மலைக்குறவரு, எருகுலா இவங்கெல்லாம் எங்களயும் சேருங்கன்னு வருஷக்கணக்கா கேட்டுக்கினு இருக்காங்க. 2007 செப்டம்பர் 13 ஐநா சபையில பூர்வகுடி உரிமைப் பிரகடனத்துக்கு இந்தியாவும் ஆதரவா ஓட்டுப் போட்டுச்சு, யாரு தங்களோட ஆளுன்னு தீர்மானிக்கிற உரிமை அந்தந்த சனங்களுக்கே உண்டுன்னு அதுல 33வது பிரிவு சொல்லுது. எங்க ஊர்ப் பெரியவங்க சொல்றதுக்கு உங்க ஃபைல்ல ஒரு பக்கமாவது குடுங்க.

அண்ணனுக்கு சான்று இருந்தா தங்கச்சிய மறுபடி முதல்லேந்து அலைய விடாதீங்க. முடியாதுன்னா காரணத்த எழுத்துல குடுங்க, வாயால சொல்லி அனுப்பாதீங்க.

என் தங்கச்சி இப்ப பத்தாவது. லீவு விட்டதும் மனுவோட வருவா, கூட எங்கப்பாவும் வருவாரு. அவர ஒரு சேர்ல உக்கார வச்சிப் பேசுங்க.