அவர் தூங்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவைக்கு வெளியே இருக்கும் எங்கள் முதியோர் குடியிருப்பைப் பற்றி போன ஞாயிறு இணைப்பில் நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். இங்கே நூலக அறைக்கு ஒரு பிரதிதான் வரும். என் முறை வர சாயங்காலம் நாலு மணி ஆகிவிட்டது. 'பெற்ற பிள்ளைகள் தூரத்தில் இருந்தால் என்ன, மகள்களாகவே மாறிவிட்ட செவிலியர்கள் இருக்கிறார்களே' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஊஞ்சலில் தலை சாய்ந்த ஒரு பெரியவரின் படம். 'கவலையில்லாத உறக்கம்' என்று கீழே ஒரு வரி.

அந்தப் பெரியவர் என் வீட்டுக்காரர். வயது 78. பார்க்கின்சன் நோய் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. அவர் தூங்கவில்லை. படத்தை உற்றுப் பாருங்கள், கண் திறந்துதான் இருக்கிறது.

அவருக்கு லெவோடோபா மாத்திரை காலை 7, 11, மதியம் 3, ராத்திரி 7 என்று நாலு வேளை. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் கொடுக்க வேண்டும். பருப்பும் முட்டையும் உள்ளே போன பிறகு கொடுத்தால் மருந்து சரியாக ஏறாது. நேரம் தப்பினால் கை கால் இறுகி, இருந்த இடத்திலேயே சிலை மாதிரி உட்கார்ந்துவிடுவார். கூப்பிட்டால் காதில் விழும், பதில் சொல்ல வாய் வராது. உங்கள் புகைப்படக்காரர் வந்தது சரியாக 11 மணிக்கு. மாத்திரை வண்டியை வராந்தாவில் நிறுத்திவிட்டு, எல்லாப் பெண்களையும் புதுச் சீருடை போடச் சொல்லி வாசலில் வரிசையாக நிற்க வைத்தார்கள். வண்டி எங்கள் அறைக்கு வந்தபோது மணி 12.10. மகள்கள் போஸ் கொடுத்துக்கொண்டிருந்ததால்தான் அவர் அப்படி 'உறங்கினார்'.

செவிலியர் என்ற சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் அரசு மருத்துவமனையில் 31 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்தவள். மூன்று வருடத்துக்கு மேல் படித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்த பிறகுதான் எங்களை வார்டுக்குள்ளேயே விட்டார்கள். இங்கே இருக்கும் நர்ஸ் பகலில் ஒருவர், அவ்வளவுதான். மற்றவர்கள் அட்டெண்டர் பெண்கள். பாவம், அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ராத்திரி எங்கள் மாடியில் 14 அறைக்கு ஒரே பெண். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். அப்படி நாலு பேர் இருக்கிறார்கள். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் மாடிப் பெண் ஜார்கண்டிலிருந்து வந்தவள். 'மெதுவா, மெதுவா', 'வலிக்குதா தாத்தா' என்று தமிழ் கற்றுக்கொண்டுவிட்டாள். ஊருக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது, லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள். அவளுக்கும் ஊரில் ஒரு அம்மா இருக்கிறார். அவள் அந்த அம்மாவுக்கு மகளாக இருந்தால் போதும். அவளுக்கு வேலையைச் சொல்லிக்கொடுத்து, சம்பளத்தைக் கூட்டி, ராத்திரிக்கு இன்னொரு ஆளையும் போட்டால் எங்களுக்கு அதுவே பெரிய உபகாரம். மகள் என்று சொல்லிவிட்டால் ஓவர்டைம் தர வேண்டாம் பாருங்கள்!

இன்னொன்று. இரண்டு வருடத்துக்கு முன் இதே இணைப்பில் எங்களை 'பிள்ளைகளால் கொண்டுவந்து விடப்பட்டவர்கள்' என்றீர்கள். எங்களை யாரும் கொண்டுவந்து விடவில்லை. வீட்டை விற்று, டெபாசிட் கட்டி, நாங்களாக வந்தோம். அப்போது எழுதிய கடிதத்தை நீங்கள் போடவில்லை. நீளம் என்று விட்டிருப்பீர்கள். இதுவும் நீளம்தான்.

அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லத்தில் மாதம் 25,000 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. கிடையாது. எங்களுடையதைக் கம்பெனி நடத்துகிறது, பில்லில் 18 சதவீதம். 2019-ல் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் ஓய்வுக்கால இல்லங்களுக்கு மாதிரி நெறிமுறை வெளியிட்டது உங்களுக்குத் தெரியாததல்ல. இங்கே அதைக் கண்டவர் யாரும் இல்லை, மழை பெய்தால் வராந்தா வழுக்குகிறது. 2020 மார்ச்சில் நிறுத்திய, மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகையும் திரும்பி வரவில்லை. இதையெல்லாம் விட்டுவிட்டு, மல்லிகைப் பந்தலுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். பந்தல் அழகுதான், நானே தண்ணீர் ஊற்றுகிறேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த ஞாயிறு ஒரு மூலையில் திருத்தம் போடுங்கள்: 'படத்தில் இருப்பவர் உறங்கவில்லை, மாத்திரைக்காகக் காத்திருந்தார்.'

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ்,
கோவை.

பி.கு.: படத்தின் பிரதி ஒன்று கிடைக்குமா என்று அவர் கேட்கச் சொன்னார். சட்டை நன்றாக விழுந்திருக்கிறதாம்.