நகரத் திட்டமிடலில் கட்டடக் கலைஞர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சேலத்தில் மழைநீர் வீடுகளுக்குள் புகுவது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். சாலை, வடிகால், பாலம் ஆகியவற்றைத் தனித்தனியே முடிவுசெய்துவிட்டு, முகப்பை அழகுபடுத்த மட்டும் கட்டடக் கலைஞரை அழைக்கும் வழக்கம் மாற வேண்டும். அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவில் பழைய தளத்தைச் சுரண்டாமலேயே மேலும் மேலும் சாலை போடப்பட்டதால், முன்பு படியேறி நுழைந்த வீடுகளுக்குள் இன்று இறங்கித்தான் நுழைகிறோம். சேர்வராயன் மலையிலிருந்து திருமணிமுத்தாற்றை நோக்கி வரும் நீர் எவ்வழியே செல்லும் என்பதை, வீட்டையும் தெருவையும் ஓடையையும் ஒருசேரப் பார்க்கப் பயின்றவர் முன்பே கேட்டிருப்பார்.

பிரேசிலின் குரிட்டிபா நகருக்கு 1971-இல் மேயரான கட்டடக் கலைஞர் ஜெய்மி லெர்னர், வெள்ளம் தேங்கும் ஆற்றோரத் தாழ்நிலங்களைப் பூங்காக்களாக்கினார். எனவே, ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே திட்டங்களைத் திருத்தும் அதிகாரத்துடன், சேலம் மாநகராட்சியில் தலைமைக் கட்டடக் கலைஞர் ஒருவரை அரசு நியமிக்க வேண்டும்.

– ஒரு வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்.