நிழலில் வளர்ந்தவர் அல்லர் கே.பி.சுந்தராம்பாள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நாடக, திரைப்பட நடிகையும் பாடகியுமான கே.பி.சுந்தராம்பாளைப் பற்றி வெளியான நான்கு பக்கக் கட்டுரையைப் படித்தேன். "கிட்டப்பாவின் நிழலில் வளர்ந்து, அவர் மறைந்ததும் வெள்ளைச் சேலைக்குள் ஒடுங்கிப்போனவர்" என்று, அவர் கணவரும் நாடக நடிகருமான கிட்டப்பாவோடு சேர்த்து அதில் ஒரு வரி வருகிறது. அதைப் படித்த இடத்திலேயே இதழை மூடி வைத்துவிட்டேன். மிச்சத்தை மறுநாள்தான் படிக்க முடிந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தங்கள் இதழை வாங்கிப் படிக்கிறவள் என்ற உரிமையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப்போவதில்லை. 1908இல் கொடுமுடியில் எளிய குடும்பத்தில் பிறந்து, வேலு நாயர் நாடகக் குழுவில் பாலபார்ட் என்னும் சிறுவர் வேடம் போடத் தொடங்கி, நல்லதங்காளின் பிள்ளையாகப் பசியில் அழுது பாடிச் சபையையே அழவைத்த சிறுமி அவர் என்பதும், பிறகு ஸ்திரீபார்ட் என்னும் பெண் வேடம் மட்டுமல்லாமல் ராஜபார்ட் என்னும் ஆண் நாயக வேடமும் போட்டார் என்பதும், கிட்டப்பாவை இலங்கையில் சந்தித்த 1926ஆம் ஆண்டுக்கு முன்பே மேடையில் பெயர் வாங்கியவர் என்பதும் நாடக வரலாறு அறிந்த எவருக்கும் தெரிந்தவை. கிட்டப்பாவின் மேதைமையை நான் ஒரு சொல்லாலும் குறைக்க மாட்டேன். செங்கோட்டையில் பிறந்து, சிறு வயதிலேயே மேடையேறி, கன்னையா நாடகக் கம்பெனியில் கொடிகட்டிப் பறந்த அந்தக் குரலுக்கு ஈடு எது? ஆனால் தனித்தனியே புகழ் பெற்றிருந்த இரண்டு பேர் ஒரே மேடையில் நின்றார்கள். அப்படி இருக்க, ஒருவரை மரமாகவும் மற்றவரை அதன் நிழலில் முளைத்த செடியாகவும் எழுதுவது எப்படி நியாயமாகும்?

என் தாயின் தந்தை ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். அவரிடம் கேட்டு வளர்ந்ததால் இதை உறுதியாகச் சொல்கிறேன். ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. வள்ளி ஓர் ஊரிலிருந்தும் வேலன் வேறோர் ஊரிலிருந்தும் நாரதர் மூன்றாவது ஊரிலிருந்தும் அன்று மாலைதான் வந்து இறங்குவார்கள். பொழுது விடியும் வரை ஆட்டம் நடக்கும். தினைப்புனத்தில் வள்ளிக்கும் வேலனுக்கும் நடக்கும் தர்க்கம் யாரும் எழுதிக்கொடுத்ததன்று. கேள்வியும் பதிலும் பாட்டும் அந்தந்த நிமிடத்தில் நாவில் வந்தாக வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் விளங்கும்படி குரல் போய்ச் சேர வேண்டும். ஒரு நொடி தடுமாறினாலும் சபை கூச்சலிடும். வேலனாகக் கிட்டப்பாவும் வள்ளியாகச் சுந்தராம்பாளும் நின்ற நாடகங்களைத் தமிழ்நாடு கொண்டாடியது என்றால், அவருடைய ஒவ்வொரு பாட்டுக்கும் இவர் தம் பாட்டால் பதில் சொல்ல முடிந்தது என்பதுதானே பொருள்? நிழலில் நிற்பவர் அந்த மேடையில் கால் மணி நேரம் தாக்குப்பிடித்திருக்க முடியாது.

தாத்தா ஒரே ஓர் இரவு சுந்தராம்பாளுக்கு வாசித்திருக்கிறார். அதைச் சொல்லும்போதெல்லாம் வலது கை விரல்களை மேசைமேல் வைத்துக் காட்டுவார். அம்மையார் மேல் ஸ்தாயியில் நின்றபோது, கட்டையை அழுத்தியிருந்த தன் விரலைத் தானாகவே எடுத்துவிட்டதாகவும், துருத்தியை இழுத்த இடக்கை மட்டும் ஓசையில்லாமல் ஆடிக்கொண்டிருந்ததாகவும் சொல்வார். "அந்த இடத்துல பெட்டி எதுக்கும்மா?" என்பார். எண்பது வயதில் அந்த விரல் மேசையிலிருந்து உயர்ந்து நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

இனி அந்த வரியின் பின்பாதி. கிட்டப்பா 1933இல் மறைந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. சுந்தராம்பாள் காலமானது 1980இல். நடுவில் இருப்பவை 47 ஆண்டுகள். தங்கள் கட்டுரையில் திருமணமும் மனவருத்தமும் பிரிவும் மூன்று பக்கங்களை எடுத்துக்கொள்ள, இந்த நாற்பத்தேழு ஆண்டுகளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பத்தி. வெள்ளைச் சேலை உடுத்தியது உண்மை. ஆண் நடிகருடன் இணை சேர்ந்து நடிப்பதில்லை என்று உறுதி பூண்டதும் உண்மை. அந்த உறுதிக்குள் நின்றுகொண்டு அவர் என்ன செய்தார் என்பதைத்தானே எழுதியிருக்க வேண்டும்? 1935இல் நந்தனாராக, ஓர் ஆணாக, சிதம்பரம் போக ஏங்கும் பண்ணையாளாகத் திரையில் வந்தார். சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக எதிரே நின்றார். அந்தப் படத்துக்குச் சுந்தராம்பாள் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். 1935இல் ஒரு லட்சம்! தங்கள் கட்டுரையில் இந்தத் தொகை அடைப்புக்குறிக்குள் கிடக்கிறது. இதே தொகையை ஓர் ஆண் நடிகர் வாங்கியிருந்தால் அது தலைப்பாகவே வந்திருக்கும் என்று நான் நினைப்பது தவறானால் மன்னியுங்கள்.

காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் வற்புறுத்தலால் வீட்டைவிட்டு வெளியே வந்து, காங்கிரஸ் மேடைகளில் பாடி ஊர் ஊராகக் கூட்டம் திரட்டியதும், பின்னர் சென்னை சட்ட மேலவைக்குள் உறுப்பினராக நுழைந்ததும் ஒடுங்கிப்போன பெண் செய்கிற காரியங்களா? திரையில் ஏற்ற மணிமேகலை வேடமும், 'பூம்புகார்' படத்தின் கவுந்தியடிகள் வேடமும், காரைக்கால் அம்மையார் படத்தில் ஏற்ற வேடமும் இருக்கட்டும். 1969ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை 'துணைவன்' படத்துக்காக வாங்கியபோது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. சொந்த ஊரான கொடுமுடியில் தம் பெயரில் திரையரங்கு கட்டினார். 1970இல் பத்மஸ்ரீயும் வந்தது. நடித்த படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவையே. அவற்றை வைத்து அளந்தால் மேடையில் கழிந்த ஆயிரம் இரவுகள் கணக்கில் வராமலே போய்விடும்.

புகைப்படத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த முறையும் கோலூன்றிய ஔவையார் படத்தைத்தான் போட்டிருக்கிறீர்கள். நான் தமிழாசிரியையாக இருந்தபோது, எட்டாம் வகுப்பில் ஔவையாரின் பாடலை நடத்துகையில், சுந்தராம்பாளைத் தெரியுமா என்று கேட்டேன். "அந்தப் பாட்டிதானே, டீச்சர்!" என்று வகுப்பே சொன்னது. குழந்தைகள் மேல் குற்றமில்லை. 'திருவிளையாடல்' படத்தில் கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனைச் சமாதானப்படுத்தும் கிழவியைத்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஜெமினி ஸ்டூடியோவின் 'ஔவையார்' 1953இல் வெளிவந்தபோது அவருக்கு 45 வயதுதான். அந்தத் தளர்ந்த நடையும் கூனும் ஒரு நடிகையின் உழைப்பு. அதை நடிப்பென்று சொல்லாமல் அவருடைய இயல்பான தோற்றம்போல் பக்கத்துக்குப் பக்கம் அச்சிடும்போது, பாடகி என்ற பெயர் மட்டும் மிஞ்சி, நடிகை காணாமற்போகிறார்.

இது முதன்முறையும் அன்று. சில ஆண்டுகளுக்கு முன் டி.பி.ராஜலட்சுமியைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட குறிப்பில், 1931இல் வந்த 'காளிதாஸ்' படத்தின் நாயகி என்பதோடு நிறுத்திக்கொண்டீர்கள். 1936இல் 'மிஸ் கமலா'வை இயக்கிய பெண் அவர் என்பதற்கு ஒரு வரி இடம் கிடைக்கவில்லை. அப்போதும் நான் எழுதினேன். என் இரண்டு பக்கக் கடிதம் "குறிப்பு அருமை" என்ற முதல் வரியோடு சுருங்கி அச்சானது. நான் பாராட்டி எழுதிய அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, குறை சொன்ன மீதியை எடுத்துவிட்டது எனக்கு இன்றும் ஆறவில்லை.

அடுத்த இதழில், அதே பகுதியில், அந்த வரியைத் திருத்தி இரண்டு வாக்கியம் வெளியிடுங்கள். நந்தனார் வேடத்துப் படமோ இளமைக்கால மேடைப் படமோ ஒன்றை உடன் போடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. நாடகச் சிறப்பிதழுக்காகப் பழைய ஆவணங்களை வாசகர்களிடம் கேட்டிருந்தபோது, தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலிருந்த 'வள்ளி திருமணம்' நோட்டீஸின் அசலைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மங்கிய ரோஸ் நிறத் தாள். நான்காக மடித்த மடிப்பில் நடுவே சிறு ஓட்டை விழுந்திருக்கும். கிழமையும் தேதியும் உண்டு, ஆண்டு இல்லை. சுந்தராம்பாளின் பெயர் மேலே கொட்டை எழுத்தில் இருக்கும். கடைசி வரியில், பின்பாட்டு, மிருதங்கத்துக்கும் கீழே, பொடி எழுத்தில் ஆர்மோனியம் என்று போட்டு என் தாத்தாவின் பெயர் இருக்கும். அவர் பெயர் அச்சான வேறு தாள் எங்களிடம் இல்லை. அதைத் தாங்கள் வெளியிடவில்லை; அதில் எனக்கு வருத்தமில்லை. திருப்பி அனுப்பத் தேவையான தபால்தலைகளை ஒட்டி, என் முகவரி எழுதிய உறையையும் அப்போதே வைத்திருந்தேன். தேடிப் பார்த்து அனுப்பிவையுங்கள். தபால் கட்டணம் கூடியிருந்தால் தெரிவியுங்கள், மீதியை உடனே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை