செஞ்சுருள் சங்கப் பொறுப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்கான செஞ்சுருள் சங்கங்களை நடத்திவரும் மதிப்பிற்குரிய பொறுப்பாசிரியர்களுக்கு வணக்கம்.

உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 நெருங்கும்போது உங்களிடமிருந்து எங்களுக்கு அழைப்புகள் வரத் தொடங்கும். சிவப்பு ரிப்பன் குத்தி, உறுதிமொழி வாசித்து, மனிதச் சங்கிலி நின்று, கோலப் போட்டிக்கும் வினாடி வினாவுக்கும் பரிசு கொடுத்து, பன்னிரண்டு மணிக்குள் நிகழ்ச்சி முடிந்துவிடும். அரசு மருத்துவமனை ஒன்றின் நம்பிக்கை மையத்தில், அதாவது எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் மையத்தில், ஆற்றுநராக (ஆலோசகராக) பணிபுரியும் நான் அத்தகைய மேடைகள் பலவற்றில் அமர்ந்திருக்கிறேன். நீங்கள் கற்பிக்கும் பாடத்துக்கு மேல், தனி ஊதியம் ஏதுமின்றி இந்தப் பொறுப்பையும் சுமக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எச்.ஐ.வி. எப்படித் தொற்றுகிறது என்பதையும், ஆணுறையை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதையும் இந்த ஆண்டு மாணவர்களுக்கு மூடி மறைக்காமல் சொல்லுங்கள். சொல்வதற்குக் கூச்சமாக இருந்தால் எங்களைச் சொல்ல விடுங்கள். என் வேண்டுகோள் இதுதான்.

வினாடி வினாவில் உங்கள் மாணவர்கள் கெட்டிக்காரர்கள். எய்ட்ஸ் என்பதன் விரிவாக்கத்தைப் பிழையில்லாமல் ஒப்பிக்கிறார்கள். உலக எய்ட்ஸ் தினம் 1988 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது என்கிறார்கள். 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும்தான் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தார்கள் என்பதையும், அந்த ரத்த மாதிரிகள் வேலூரில் பரிசோதிக்கப்பட்டன என்பதையும்கூடச் சிலர் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அதே வயதுப் பிள்ளைகள் எங்கள் மையத்தின் கதவைத் தயங்கித் தயங்கித் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்போது கேட்கும் கேள்விகள் வேறு. “நேத்து ராத்திரிதான் மேடம், இன்னைக்கு டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிடுமா?” என்று கேட்ட பையனுக்கு, தொற்றியபின் சில வாரங்கள்வரை பரிசோதனையில் எதுவும் தெரியாமல் போகலாம் என்பதையும், மூன்று மாதம் கழித்து மறுபடியும் வந்து பார்க்க வேண்டும் என்பதையும் அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. தொற்று நேர்ந்திருக்கக்கூடும் என்று சந்தேகம் எழுந்தால் 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் அதற்கும் முன்னதாகவே, மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் சாப்பிட்டால் தொற்றைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம் என்பதையும் அவன் கேள்விப்பட்டதில்லை. விரிவாக்கம் தெரிந்திருந்து அவனுக்கு என்ன பயன்?

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், எச்.ஐ.வி. பற்றி முழுமையான அறிவு கொண்டோர் என்று கணக்கிடப்பட்டவர்கள் நாடு முழுவதிலும் பெண்களில் ஏறத்தாழ 22 விழுக்காடும் ஆண்களில் ஏறத்தாழ 31 விழுக்காடும்தான். நோயின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் மிகுதி. அது வரும் வழியைச் சரியாக அறிந்தவர்கள்தான் குறைவு.

வழிகள் என்று பார்த்தால் அதிகமில்லை. ரத்தம், விந்து, யோனித் திரவம், மலக்குடல் திரவம், தாய்ப்பால் ஆகியவற்றின் மூலமே இந்தக் கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் செல்கிறது. ஆணுறை இல்லாத உடலுறவு, பகிர்ந்துகொள்ளப்படும் ஊசி, பரிசோதிக்கப்படாத ரத்தம், சிகிச்சை பெறாத தாயின் கர்ப்பமும் பிரசவமும் பாலூட்டலும் என்று அனைத்தையும் ஒரு கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம். எச்சில், வியர்வை, கண்ணீர், கொசு, ஒரே தட்டில் சாப்பிடுவது, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவது ஆகிய எதனாலும் பரவாது. உங்கள் சுவரொட்டிகளில் பாதிக்கு மேல் இந்தக் கடைசி வாக்கியத்துக்கே போய்விடுகிறது. தொண்ணூறுகளில் அது உயிர்காக்கும் செய்தியாக இருந்தது; ஒதுக்கிவைக்கும் வழக்கம் இன்னும் முழுதாக ஒழியாததால் இப்போதும் தேவைதான். ஆனால் எதனால் பரவாது என்பதைப் பத்து வரியில் எழுதிவிட்டு, எதனால் பரவும் என்பதை ‘முறையற்ற பாலுறவு’ என்ற ஒரே சொற்றொடரில் கடந்துபோவது பாடம் ஆகாது. கிருமிக்கு முறை தெரியாது. தாலி கட்டியவரா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. தடுப்பு இருந்ததா இல்லையா என்பது மட்டுமே அதற்குப் பொருட்டு.

இந்த மழுப்பலின் விலை என்னவென்று ஒருவரை வைத்துச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். கல்லூரி முடித்து ஓராண்டு ஆன இளைஞர் ஒருவர், காய்ச்சலும் எடைக்குறைவுமாக மருத்துவமனைக்கு வந்து, அங்கிருந்து எங்களிடம் அனுப்பப்பட்டார். ஆணுறை பயன்படுத்தியதுண்டா என்று கேட்டபோது அவருக்குச் சற்றுக் கோபமே வந்துவிட்டது. “நான் எந்தப் பொண்ணுகிட்டயும் போனதே கிடையாது மேடம்” என்றார். உண்மையைத்தான் சொன்னார். அவருடைய உறவுகள் ஆண்களோடு இருந்தன. விடுதிச் சுவரிலும் கருத்தரங்கிலும் அவர் பார்த்த படங்கள், கேட்ட எச்சரிக்கைகள் எல்லாமே பாலியல் தொழில் செய்யும் பெண்ணைப் பற்றியவையாக இருந்ததால், அது தனக்கானதல்ல என்று அவர் முடிவுசெய்துகொண்டார். உண்மையில், தொற்றுள்ளவரோடு ஆணுறையில்லாமல் கொள்ளும் யோனிவழி உறவில் பெண்ணுக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000 உறவுக்கு ஏறத்தாழ 8 என்றும், ஆணுக்கு 4 என்றும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் மதிப்பிடுகிறது. ஆசனவாய்வழி உறவில் ஏற்பவருக்கு அது 138. மலக்குடலின் உட்சவ்வு மெல்லியது, எளிதில் கிழிவது என்பதே இதற்குக் காரணம். இதில் வெட்கப்படவோ கண்டிக்கவோ ஏதுமில்லை; இது உடற்கூறு. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருபால் உறவு குற்றமில்லை என்று தீர்ப்பளித்த பிறகும், ஆசனவாய் என்ற சொல்லை ஒரு கல்லூரி மேடையிலும் நான் கேட்டதில்லை. அந்த ஒரு வாக்கியம் அவர் காதில் விழுந்திருந்தால் அவர் எங்களிடம் நோயாளியாக வந்திருக்க மாட்டார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும்.

மேலே சொன்ன எண்களைக் கேட்டதும் “பத்தாயிரத்தில் நாலுதானே” என்று ஒரு மாணவர் சொல்லக்கூடும். சொல்வார்கள், அதற்கும் தயாராக இருங்கள். அவை சராசரிகள். ஒருவருக்குத் தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் அவர் உடலில் கிருமியின் எண்ணிக்கை உச்சத்தில் இருக்கும். பரிசோதனையில் அகப்படாமல் இருக்கக்கூடிய அதே காலத்தில்தான் அவரிடமிருந்து பிறருக்குப் பரவும் வாய்ப்பும் மிகுதி. இருவரில் யாருக்கேனும் பால்வினை நோயின் புண் இருந்தால் ஆபத்து பல மடங்கு ஏறும். ஆகவேதான் பிறப்புறுப்பில் புண்ணோ எரிச்சலோ சீழோ கண்டால், மருந்துக்கடையில் கேட்டு எதையாவது பூசிக்கொள்ளாமல், பால்வினை நோய்களுக்குச் சிகிச்சை தரும், அரசு மருத்துவமனையிலுள்ள சுகவாழ்வு மையத்துக்குப் போகச் சொல்கிறோம். அப்படியொரு மையம் இருப்பதே பல மாணவர்களுக்குத் தெரியாது.

மாணவியர் கூட்டத்தில் வேறொரு சிக்கல். அவர்களுக்கு அச்சமெல்லாம் கர்ப்பத்தைப் பற்றியது. அவசரக் கருத்தடை மாத்திரை எங்கே கிடைக்கும் என்று கேட்கிறவர்கள், அந்த மாத்திரை எந்தத் தொற்றையும் தடுக்காது என்று சொன்னால் திகைத்துப்போகிறார்கள். இது அவர்கள் தவறல்ல. 1968-இல் அரசின் நிரோத் ஆணுறை வந்த நாளிலிருந்து ஆணுறையை நாம் குடும்பக் கட்டுப்பாட்டுச் சாதனமாகவே பழகிவிட்டோம். தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ‘ஆபரேஷன்’ ஆன வீட்டில் ஆணுறைக்கு வேலையில்லை என்பது இங்கே எல்லோருக்கும் பொதுவான எண்ணம். எங்கள் மையத்தில் நான் சந்திக்கும் பெண்களில் பெரும்பாலோர் தம் கணவரைத் தவிர வேறு யாரையும் அறியாதவர்கள். ஒழுக்கம் தவறாதவருக்கு எய்ட்ஸ் வராது என்று உங்கள் மேடையில் ஒருவர் முழங்கும்போது, அந்தப் பெண்களை நினைத்துக்கொண்டு நான் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஆணுறையைப் பற்றிச் சொல்ல வேண்டியவை பத்து நிமிடத்தில் முடியும். காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். உறையை அழுத்தினால் காற்றுக் குமிழி இருக்க வேண்டும். பல்லாலோ கத்தரியாலோ கிழிக்காமல் ஓரத்தில் கையால் கிழிக்க வேண்டும். விறைத்த நிலையில், உறவு தொடங்குவதற்கு முன்பே, நுனியைக் கிள்ளிக் காற்றை நீக்கி அடிவரை உருட்டி அணிய வேண்டும். முடிந்ததும் தளர்வதற்குள் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டே வெளியே எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கூடாது. பர்சில் மடித்து மாதக்கணக்கில் வைத்தாலும், வெயிலில் நிற்கும் பைக்கின் டேங்க் கவரில் வைத்தாலும் ரப்பர் கெட்டுவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் ஊரில் கட்டாயம் சொல்ல வேண்டியது: தேங்காய் எண்ணெய் கூடாது. வாசலினும் கூடாது. எண்ணெய் பட்ட சிறிது நேரத்திலேயே ரப்பர் வலுவிழந்து கிழியத் தொடங்கும். நீர் சார்ந்த வழுக்குக் களிம்பே சரி. “நாங்க எப்பவும் காண்டம் போட்டோமே மேடம்” என்று அழுதவர்களிடம் பொறுமையாக விசாரித்தால், பலமுறை இந்த எண்ணெயில்தான் வந்து நிற்கும்.

இதையெல்லாம் காட்டுவதற்கு எங்களிடம் மரத்தால் செய்த ஆண்குறி மாதிரி ஒன்று இருக்கிறது. ஒரு கல்லூரியில் நான் அதைப் பையிலிருந்து எடுத்தபோது, முன்வரிசையிலிருந்த பேராசிரியர் ஒருவர் எழுந்து வந்து, “அது வேண்டாம் மேடம், வாயால சொல்லிடுங்க” என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டார். உள்ளே வைத்துவிட்டேன். நிகழ்ச்சி முடிந்ததும் மாடிப்படியில் ஐந்தாறு மாணவர்கள் சூழ்ந்துகொண்டு, அந்தப் பையில் என்ன இருந்தது என்றுதான் கேட்டார்கள்.

இப்படிப் பேசினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற அச்சம் உங்களில் பலருக்கு இருக்கும்; பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்ற அச்சம் அதைவிட அதிகமாக இருக்கும். 2007-இல், பள்ளிகளில் பாலியல் கல்வியையும் உள்ளடக்கிய வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைப் பல மாநில அரசுகள் இந்த அச்சத்தினால்தான் நிறுத்தின. ஆனால் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த யுனெஸ்கோ, பாலியல் கல்வி உடலுறவைத் தொடங்கும் வயதைக் குறைப்பதில்லை என்றும், ஆபத்தான நடத்தையைக் கூட்டுவதில்லை என்றும் சொல்கிறது. தவிர, நம் மாநிலம் ஒரு காலத்தில் இதைவிடத் துணிச்சலாகப் பேசியிருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் பேருந்து நிறுத்தங்களிலும் சுவர்களிலும் “புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?” என்று கேட்ட விளம்பரம் உங்களுக்கு நினைவிருக்கும். (ராஜா என்ற பெயருள்ள எந்த நண்பரையும் அந்நாளில் நாங்கள் நிம்மதியாக விட்டதில்லை.) டீக்கடையில் ஆண்கள் ஆணுறையைப் பற்றி வாய்விட்டுப் பேசியது அப்போதுதான். உங்கள் இன்றைய மாணவர்கள் அதற்குப் பின் பிறந்தவர்கள்.

நீங்கள் நடத்தும் ரத்ததான முகாம்கள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முகாமில் ரத்தம் கொடுத்தால் எச்.ஐ.வி. இருக்கிறதா என்று இலவசமாகத் தெரிந்துவிடும் என்று எண்ணி வரிசையில் நிற்கும் மாணவர்கள் உண்டு. அப்படி நிற்கக் கூடாது என்பதை முகாமுக்கு முன்பே சொல்லுங்கள். தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு நம்பிக்கை மையம் இருக்கிறது. 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் கர்ப்பிணி ஒருவருக்குத் தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்ட செய்தி வெளிவந்தது. அந்த ரத்தத்தைக் கொடுத்த இளைஞர் முன்னர் ஒருமுறை தானம் செய்தபோதே அவருக்குத் தொற்று இருந்தது பதிவாகியிருந்தும் அவருக்குச் சொல்லப்படவில்லை. வெளிநாட்டு வேலைக்காகப் பரிசோதித்தபோது தற்செயலாக அறிந்ததும், தானாகவே போய் மருத்துவமனையை எச்சரித்தவர் அவர்தான். பிறகு தற்கொலைக்கு முயன்று உயிரிழந்தார். குற்றம் அவருடையதல்ல, ஆனால் எச்.ஐ.வி. என்றால் வாழ்வே முடிந்தது என்ற எண்ணத்தை அவருக்குக் கொடுத்தவர்களில் நாமும் உண்டு.

ஏனெனில் சிகிச்சையைப் பற்றியும் உங்கள் மேடைகளில் பேசப்படுவதில்லை. 2004 ஏப்ரல் முதல் அரசு எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுத்துவருகிறது; 2017-இலிருந்து தொற்று உறுதியானவுடனேயே, எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை எவ்வளவு என்று காத்திராமல் தொடங்கிவிடுகிறார்கள். மாத்திரையை நாள் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அந்நிலையிலேயே நீடிப்பவரிடமிருந்து உடலுறவின் மூலம் தொற்று பரவாது. இது பெரிய ஆய்வுகளில் ஆயிரக்கணக்கான உறவுகளைக் கண்காணித்து உறுதிசெய்த முடிவு. தொற்றுள்ள தாய்க்குச் சிகிச்சை கிடைத்தால் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பை 5 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவர முடியும். மண்டை ஓடும் தூக்குக்கயிறும் வரைந்த சுவரொட்டிக்கு முதல் பரிசு கொடுப்பதை நிறுத்துங்கள். அதைப் பார்த்துப் பயந்தவர் ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. பரிசோதனைக்கு வராமல் ஒளிந்துகொள்கிறார். உங்கள் வகுப்பிலேயே, பிறப்பிலேயே தொற்றோடு வந்து மருந்து சாப்பிட்டுப் படித்துக்கொண்டிருக்கும் மாணவர் ஒருவர் இருக்கக்கூடும் என்பதையும் நினைத்துப்பாருங்கள். அவருடைய நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடுவதும், அதைக் காட்டிக் கல்வியை மறுப்பதும் 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டப்படி கூடாது. 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

இனி நடைமுறைக்கு வருகிறேன். முந்நூறு பேர் கூடும் அரங்கம் வேண்டாம். நாற்பது ஐம்பது பேர் கொண்ட வகுப்பறையில் ஒரு மணி நேரம் போதும். முதல்நாளே ஒரு பெட்டியை வைத்து, பெயரெழுதாமல் கேள்விகளைப் போடச் சொல்லுங்கள். நீங்கள் படித்துத் தணிக்கை செய்யாமல் அப்படியே எங்களிடம் கொடுங்கள். மாணவியருக்கு ஒரு பெண் ஆற்றுநரும் மாணவருக்கு ஓர் ஆண் ஆற்றுநரும் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொன்னால் ஏற்பாடு செய்ய முயல்வோம். ஆனால் இரு சாராருக்கும் சொல்லப்படும் செய்தி ஒன்றாகவே இருக்க வேண்டும். 1097 என்ற கட்டணமில்லா உதவி எண்ணை அறிவிப்புப் பலகையில் டிசம்பரோடு எடுத்துவிடாமல் ஆண்டு முழுவதும் ஒட்டிவையுங்கள். நாங்கள் பேசும்போது பொறுப்பாசிரியர் அறையில் இருக்கலாம். முதல்வர் வாழ்த்துரை வழங்கிவிட்டுக் கிளம்பிவிட்டால் மாணவர்கள் இன்னும் தாராளமாகக் கேட்பார்கள். பொன்னாடையும் நினைவுப் பரிசும் தேவையில்லை. மர மாதிரியையும் ஆணுறைகளையும் நாங்களே கொண்டுவருவோம். மேசை ஒன்று மட்டும் போட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
நம்பிக்கை மைய ஆற்றுநர் ஒருவர்