கடவுளைப் பற்றிப் பேசிய ஒரு வருடம்: எங்கள் வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், இந்த வருடம் ஒரே விடயத்தை எடுத்து ஆற அமரப் பேசுவோம் என்று தீர்மானித்தோம். எடுத்த விடயம் கடவுள். ஹட்டனில் போயா (பௌர்ணமி விடுமுறை) நாள்களில் கூடிய கூட்டங்களில் பெரும்பாலானவை அதிலேயே போயின. நூலகத்துக்குப் புத்தகம் சேர்த்தது, சாதாரண தரப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தியது பற்றியெல்லாம் உபசெயலாளரின் குறிப்பு உங்கள் கையில் இருக்கிறது. நான் விவாதத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஆரம்பமே தடங்கலாக இருந்தது. வழக்கமாக நாம் கூடும் மண்டபத்தை, தலைப்பைக் கேட்டதும் தர மறுத்துவிட்டார்கள். சாமியைப் பற்றிக் கேள்வி கேட்டால் ஊரில் சண்டை வரும் என்றார்கள். மனம் நொந்துதான் திரும்பி வந்தேன். அங்கத்தவர் ஒருவர் தன் கடையின் மேல்மாடியை ஒதுக்கித் தந்தார். சாக்குகளை ஓரமாக அடுக்கிவிட்டுப் பாய் விரித்து உட்கார்ந்தோம். கடைசிவரை ஒரு சண்டையும் வரவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இந்த நாட்டில் சமய விவாதம் புதிதல்ல. 1873 ஆகஸ்ட் 26, 28 ஆம் திகதிகளில் பாணந்துறையில் மிகெட்டுவத்தே குணானந்த தேரரும் டேவிட் டி சில்வா பாதிரியாரும் மோதியது பலருக்குத் தெரியும். அதற்கு 2 வருடம் முன்பு, 1871 இல், நம்முடைய கம்பளையிலேயே அப்படி ஒரு விவாதம் நடந்தது பலருக்குத் தெரியவில்லை. கோச்சியில் (ரயிலில்) போகும்போதெல்லாம் கடந்து போகிற ஊர்! பாணந்துறையில் பேசியது ஆங்கிலத்தில் அச்சாகி அமெரிக்காவரை போனது. அதைப் படித்த அமெரிக்கர் ஹென்றி ஒல்கொட் 1880 இல் இலங்கைக்கு வந்து இறங்கினார். ஆனால் அந்த விவாதங்கள் யார் வென்றது என்று பார்க்க நடந்தவை. நமக்கு அது வேண்டாம் என்று முதல் கூட்டத்திலேயே முடிவெடுத்தோம்.

அதற்கு நாம் வைத்த விதி நம் மரபிலிருந்தே வந்தது. சைவ சித்தாந்த நூலான சிவஞானசித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் முதலில் பரபக்கம் (பிறர் கொள்கை) சொல்கிறார், சுபக்கம் (தன் கொள்கை) பிறகுதான். மாற்றுக் கொள்கைக்காரர்களை ஒவ்வொருவராகப் பேசவிட்டு அப்புறம் மறுக்கிறார். அந்த வரிசையில் முதல் ஆள் கடவுளே இல்லை என்கிற உலகாயதன். நாமும் அப்படியே செய்தோம். எதிராளியின் வாதத்தை, "ஆமாம், நான் சொல்வது இதுதான்" என்று அவரே ஒப்புக்கொள்ளும்படி சொன்ன பிறகுதான் தன் வாதத்தைத் தொடங்கலாம். இந்த வருடத்தில் நாம் செய்த மிக நல்ல காரியம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஒரு கூட்டத்தை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நெற்றி நிறையத் திருநீறு பூசும் நம் ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கு நாத்திகப் பக்கம் விழுந்தது. அவர் மணிமேகலைக் காப்பியத்தில் வரும் பூதவாதியை, பூதங்களைத் தவிர வேறில்லை என்பவனைக் கொண்டுவந்தார். தாதகிப்பூவும் வெல்லக்கட்டியும் சேர்ந்தால் அவை இரண்டிலும் தனியாக இல்லாத போதை பிறக்கிறது. அதுபோல மண்ணும் நீரும் தீயும் காற்றும் சேர்ந்தால் உணர்வு பிறக்கும், பிரிந்தால் போய்விடும், தனியாக ஓர் உயிர் எதற்கு என்று கேட்டார். கடவுள் மறுப்பாளரான இளைஞர் எழுந்து, "ஐயா, நீங்க என்னைவிட நல்லா சொல்லிட்டீங்க" என்றார்.

பிறகு அந்த இளைஞரின் முறை. தயிர்ச்சட்டி ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதைத் தூக்கிக் காட்டி, சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டாரின் வாதத்தைச் சொன்னார்: மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். சட்டிக்கு ஒரு குயவன் வேண்டுமென்றால், தோன்றி நின்று அழியும் உலகத்துக்கும் ஒருவன் வேண்டும். ஆசிரியர் தலையை ஆட்டினார். அப்புறம்தான் இளைஞர் தன் கேள்வியைப் போட்டார்: "குயவன் சட்டி செய்றதைப் பார்த்திருக்கோம். உலகம் செய்றதை யார் பார்த்தா?" ஆசிரியர் சன்னலுக்கு வெளியே கை காட்டினார். எதிர் மலை லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது. "நெருப்பு தெரியுதா தம்பி? புகையைப் பார்த்துத்தானே சொல்றோம்?" "நெருப்பையும் புகையையும் முன்னாடி சேர்த்துப் பார்த்திருக்கோம் ஐயா. கடவுளையும் உலகத்தையும் அப்படிச் சேர்த்துப் பார்த்தது இல்லையே."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. என் மனசுக்கு அந்தப் பதில் இன்னும் அசைக்க முடியாததாகவே இருக்கிறது. ஆனால் அன்றைக்கு ஆசிரியர் சொன்னதையும் நான் மறக்கவில்லை: "அப்ப இது எனக்கு நிரூபணம் இல்ல, நம்பிக்கைதான். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்ல."

பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூரைப் பற்றிய கூட்டத்துக்கு இளைஞர்கள் அதிகம் வந்தார்கள். கேரளத்தில் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பித்தவர். ஏமாற்றுக்கு இடமில்லாத சோதனையில் அற்புதம் செய்து காட்டுபவருக்கு 1 இலட்சம் ரூபா தருவதாக 1963 இல் அறிவித்தார். 1978 இல் அவர் இறக்கும்வரை யாரும் அந்தப் பணத்தை வாங்கவில்லை. பேயோட்டுவதாகச் சொல்லிக் கூலிக்காசைப் பறிப்பவர்கள் இன்னும் தேயிலைத் தோட்டங்களுக்கு வருகிறார்கள். அந்த இடத்தில் பக்தர்களும் மறுப்பாளர்களும் ஒரே குரலில் பேசினார்கள்.

சிவனொளிபாதமலை பற்றிய கூட்டம் அவ்வளவு சரியாக வரவில்லை. புத்தர் பாதம், சிவன் பாதம், ஆதாம் பாதம் என்று ஒரே தடத்துக்கு இத்தனை உரிமை இருப்பதால் எதுவுமே உண்மையில்லை என்று ஒருவர் சொல்ல, பேச்சு அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது.

ஒரு மாதம் தோட்டத்துக்கே போய்க் கூடினோம். தேயிலைச் செடியை வெட்டிச் சீராக்கும் கவ்வாத்து வேலைக்கான கவ்வாத்துச் சாமி, தொழிற்சாலை இயந்திரத்துக்குக் காவலான ரோதமுனி என்று வேலையோடு சேர்ந்து பிறந்த சாமிகளைப் பற்றிப் பேச்சு வந்தது. இந்தச் சாமிகளை மனுசன்தானே உண்டாக்கினான் என்று நம் இளைஞர் கேட்டார். வயதான கவ்வாத்துக்காரர் ஒருவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கட்டைவிரலுக்குக் கீழே நீளமான தழும்பு. "கத்தி ஒருதரம் வழுக்கினா இப்படித்தான். மொத நாளு மலையில கல்லை நட்டு, சூடம் கொளுத்தி, கொஞ்ச நேரம் நின்னு கும்புட்டுட்டு அப்புறம்தான் கத்தியை எடுப்போம். யாரு உண்டாக்கினதுன்னு எனக்குத் தெரியாது தம்பி. அந்த நிக்கிறது எனக்கு வேணும்." இளைஞர் அதைத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

மீரியபெத்தையைப் பற்றிப் பேசாமல் இந்தத் தலைப்பை முடிக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. எல்லாம் வல்லவன் இருந்தால் பார்த்துக்கொண்டா இருந்தான் என்று கேட்டார்கள். வினைப்பயன் என்று ஒருவர் சொன்னபோது, அந்தப் பக்கம் உறவு உள்ள ஓர் அம்மா எழுந்தார். "மண்ணுக்குள்ள போன பச்சப்புள்ளைக்கு என்னங்க வினை? சாமியை அப்புறம் கேப்போம். மலை சரியும்னு முன்னாடியே சொல்லியும் சனத்தை ஏன் அங்கயே விட்டாங்க, அதை மொத கேளுங்க." வினைப்பயன் என்றவர் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இடம் தந்த அங்கத்தவருக்கும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் பிளேன்டீ ஊற்றித் தந்த அவர் வீட்டாருக்கும் நன்றி. வரும் போயாவுக்கான தலைப்பையும் அந்த அம்மாவே தந்திருக்கிறார்: திதி கொடுப்பது செத்தவருக்கா, இருப்பவருக்கா. பரபக்கம் பேச இரண்டு பேர் இன்னும் தேவை. கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

செயலாளர்