இசட் புள்ளி வேறு, தரப்படுத்தல் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையில் க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வெளியானால் வீட்டுக்கு வீடு ஒரே கதைதான். "மூன்று ஏ எடுத்த பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடமில்லையாம், இரண்டு ஏயும் ஒரு பியும் எடுத்தவனுக்குக் கிடைச்சிட்டுதாம்." அடுத்த வார்த்தை "தரப்படுத்தல்" என்பதாகவே இருக்கும். பழைய தரப்படுத்தல், இன்று பல்கலைக்கழக அனுமதிக்குப் பயன்படும் இசட் புள்ளி என்ற இரண்டு வேறு விடயங்கள் இங்கே ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன.

1970களின் தொடக்கத்தில் நடந்தது மொழிவாரித் தரப்படுத்தல். எந்த மொழியில் பரீட்சை எழுதினார் என்பதைப் பார்த்துப் புள்ளி சரிசெய்யப்பட்டது. தமிழ் மாணவருக்கு நேர்ந்த அந்தக் காயம் ஆறாததில் வியப்பில்லை. ஆனால் 2001இல் வந்த இசட் புள்ளிக் கணிப்பில் மொழிக்கு இடமில்லை. ஒரு பாடத்துக்குத் தோற்றிய எல்லோரும், எம்மொழி மூலமானாலும், ஒரே தொகுதி. அந்தத் தொகுதியின் இடையை, அதாவது சராசரிப் புள்ளியை, பரீட்சார்த்தியின் புள்ளியிலிருந்து கழித்து, மிகுதியை நியம விலகலால் (புள்ளிகள் இடையிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைக் காட்டும் அளவால்) வகுக்க வேண்டும். மூன்று பாடங்களுக்கும் இப்படி வருவதன் சராசரியே பெறுபேற்றுத் தாளில் நான்கு தசம தானங்களில் காணப்படும் எண்.

கணக்கொன்றைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்கு மட்டுமே. உயிரியலிலும் இரசாயனவியலிலும் இடை 45, நியம விலகல் 20. பௌதிகவியலில் இடை 50, நியம விலகல் 15. ஒருவர் மூன்றிலும் 76 எடுக்கிறார்: மூன்று ஏ, இசட் புள்ளி 1.6111. இன்னொருவர் 90, 90, 70: இரண்டு ஏ, ஒரு பி, இசட் புள்ளி 1.9444. முதலாமவரின் மொத்தம் 228, மற்றவருடையது 250. இதில் மாயமும் இல்லை, அநீதியும் இல்லை. 75க்கு மேல் எல்லாமே ஏ என்பதால் 76க்கும் 90க்கும் இடையிலுள்ள தூரத்தை எழுத்துச் சித்தி மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

மாவட்டக் கோட்டா இதற்குப் பிறகு வரும் தனிப் படி. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் நிரப்பப்படும். 55 வீதம் சனத்தொகைக்கேற்ப 25 மாவட்டங்களுக்கும் பிரிக்கப்படும். எஞ்சிய 5 வீதம் கல்வியில் பின்தங்கியவையெனக் கொள்ளப்படும் 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகச் செல்லும்; யாழ்ப்பாணமும் அவற்றுள் ஒன்று. ஒரே இசட் புள்ளிக்கு ஒரு மாவட்டத்தில் இடம் கிடைத்து, மற்றதில் கிடைக்காமல் போவது இந்தப் படியில்தான். கோட்டா சரியா பிழையா என்று தாராளமாக வாதிடலாம். அதற்காக இசட் புள்ளியைத் திட்டிப் பயனில்லை.

வெட்டுப்புள்ளி என்பது யாரும் முன்கூட்டி நிர்ணயிக்கும் எல்லை அல்ல. அந்த மாவட்டத்திலிருந்து அந்தக் கற்கைநெறிக்குக் கடைசியாகத் தெரிவானவரின் இசட் புள்ளியே அது. "போன வருடம் 1.9க்குக் கிடைத்தது, இந்த முறை 1.95 இருக்கிறது, பயமில்லை" என்று விண்ணப்பத்தில் தெரிவு ஒழுங்கை எழுதுவோர் இதில்தான் சறுக்குகிறார்கள். வினாத்தாளும் வேறு, தோற்றியவர்களும் வேறு. ஓர் ஆண்டின் 1.9 இன்னோர் ஆண்டின் 1.9 ஆகாது. இதைப் பெரியவர்களே ஒருமுறை மறந்தார்கள். 2011இல் பழைய பாடத்திட்டத்துக்கும் புதியதற்கும் வெவ்வேறு வினாத்தாள்களில் பரீட்சை நடந்தது. இரு தொகுதியினரையும் ஒன்றாக்கி இசட் புள்ளி வழங்கினார்கள். 2012 யூனில் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாதாக்கி, தனித்தனியாகக் கணிக்கச் சொன்னது.

எங்களுக்கு இந்த முறையில் குறையே தெரியவில்லை என்பதல்ல. நான்காம் தசம தானத்தைப் பாருங்கள். நியம விலகல் 20 ஆன பாடத்தில் ஒரு புள்ளி கூடினால் இறுதி எண் 0.0167 ஆல் உயரும். 15 ஆன பாடத்தில் 0.0222 ஆல் உயரும். முதலாவதில் ஒரு புள்ளி குறைந்து இரண்டாவதில் ஒரு புள்ளி கூடினால், மொத்தப் புள்ளி மாறாமலே 0.0056 லாபம். விடைத்தாள் திருத்தத்தில் ஒரு புள்ளி இப்படியோ அப்படியோ போவதைத் திருத்தியவர்கள் அறிவார்கள். ஆயினும் கடைசி இடத்துக்கான போட்டியில் 0.0056 என்பது மிகப் பெரிய தொகை.

ஒரு பாடத்துக்கு மிகச் சிலரே தோற்றும்போது இன்னொரு சிக்கல். நாலைந்து பேரின் புள்ளி கூடினாலோ குறைந்தாலோ இடையும் நியம விலகலும் ஆடிப்போகும்.

பெறுபேற்றுத் தாளில் இன்று பாடச் சித்திகள், இசட் புள்ளி, மாவட்ட நிலை, தீவு நிலை எல்லாம் உண்டு. பாடப் புள்ளியைக் காணோம். பாடத்தின் இடையும் நியம விலகலும் இல்லை. இவை இல்லாமல் தனது இசட் புள்ளி சரியா என்று ஒரு பிள்ளையால் கூட்டிப் பார்க்கவும் முடியாது, மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிப்பது பயன்தருமா என்று கணிக்கவும் முடியாது. பாடத்துக்கு மூன்று எண்களை மேலதிகமாக அச்சிடப் பரீட்சைத் திணைக்களத்துக்குப் பெரிய செலவு பிடிக்காது. அடுத்த பெறுபேற்றிலிருந்தே இதைச் செய்யலாம்.

உயர்தரக் கணித ஆசிரியர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.